ஒத்தையாள் கெவி

ஜீப்பின் முன்சீட்டில் சுஜிதா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் ஃபஹீம் நடையை நிறுத்தினான்.

காலை ஐந்தரை மணி. போடி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே, ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் உறுமிக்கொண்டு நின்றன. தூக்குவாளியும் தலையில் சுற்றிய துண்டுமாகப் பெண்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அருள்பாண்டி தனியாக ஒரு ஜீப்பைப் பேசி, பின்னால் கயிற்றுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“சுஜியும் வர்றா மாப்ளே. ரெண்டு நாளா உசுர வாங்குறா. தேவாரம் பாறையில நம்மளோட ரெண்டு தடவ எறங்கினவதான, சமாளிச்சுக்கிருவா.”

சுஜிதா அருள்பாண்டியின் தங்கை. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையில்லாத நாளில் அண்ணனோடு ஏதாவது ஒரு பாறையில் தொங்காவிட்டால் அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

“என்ன பாய், நான் வர்றது பிடிக்கலையா? மூஞ்சி ஒரு மாதிரி போகுது.”

“அதெல்லாம் இல்ல” என்றான் ஃபஹீம்.

ஒன்பது மாதமாக மனதுக்குள் வைத்திருந்த ஒன்றை அன்று அருள்பாண்டியிடம் சொல்லிவிடுவதென்று அவன் முடிவெடுத்து வந்திருந்தான். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு திணறி ஏறும்போது, முகத்தைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிடலாம் என்று இரவெல்லாம் வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தான். இப்போது இருவருக்கும் நடுவில் அந்தப் பெண் இருந்தாள்.

அருள்பாண்டியும் ஃபஹீமும் காத்தாடி வேலைக்காரர்கள். காற்றாலைக் கோபுரங்களின் உச்சியிலிருந்து கயிற்றில் தொங்கி, றெக்கைகளில் விழும் வெடிப்புகளைப் பூசிச் சரிசெய்வது அவர்களுடைய சோலி. ஆறு வருடமாக ஒரே கயிற்றை நம்பி வேலை செய்கிறவர்கள். போன மார்ச்சில், ஓடைகள் வற்றிக் கிடந்த நேரத்தில், விளையாட்டாக ஒத்தையாள் கெவியில் இறங்கிப் பார்த்தார்கள். மலை இரண்டாகப் பிளந்ததுபோல ஏலக்காட்டின் விளிம்பில் தொடங்கி ராசிங்காபுரம் பக்கத்து அடிவாரம் வரைக்கும் போகிற ஆழமான இடுக்கு அது. நடுப்பகுதியில் இரண்டு பேர் பக்கம் பக்கமாக நிற்க இடமில்லாததால் அந்தப் பெயர். வழியில் நான்கு அருவிகள். ஒவ்வொரு அருவியின் தலையிலும் பாறையைத் துளைத்து, போல்ட்டு அடித்து, அதில் இரும்பு வளையம் மாட்டினார்கள். வளையத்தில் கயிற்றின் நடுவைக் கோத்து இரண்டு இழையாகக் கீழே விட்டு இறங்க வேண்டும். எல்லோரும் இறங்கியபின் ஒரு இழையை இழுத்தால் முழுக் கயிறும் கையோடு வந்துவிடும். அடுத்த அருவிக்கும் அதே கயிறுதான். உருவிய பிறகு மேலே திரும்ப வழி கிடையாது.

மூன்றாவது அருவி எண்பது அடி. அதன் தலையில் போல்ட்டு அடித்தது ஃபஹீம். பாதித் துளையிலேயே ட்ரில் மிஷினின் பேட்டரி செத்துவிட்டது. மாற்று பேட்டரியை நான்காவது அருவிக்கு வைத்துக்கொண்டு, போல்ட்டை அப்படியே அடித்து இறக்கி ஸ்பேனரால் முறுக்கினான். இறுகவில்லை, கூடவே சுற்றியது. பாறையும் அந்த இடத்தில் வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் தட்டினால் வெற்றுப் பானைபோலச் சத்தம் கொடுத்தது. பக்கத்திலேயே தூண்போல ஒரு நீர்மருது நின்றதால் அதில் பட்டைநாடாவைச் சுற்றி இரண்டையும் சேர்த்துக் கட்டினான். எடையை மரம் தாங்கிக்கொண்டது. “ஓகேயா மாப்ளே?” என்று அருள்பாண்டி கேட்டபோது “ஓகேண்ணே” என்று சொல்லிவிட்டான். இனி யார் இங்கே வரப்போகிறார்கள் என்பது அவன் நினைப்பு.

ஆனால் அருள்பாண்டிக்கு அந்தக் கெவி மனதில் தங்கிவிட்டது. கோடையில் ஆசைப்படுகிறவர்களைக் கூட்டிப்போகலாம், முறையாக வனத்துறையில் அனுமதி வாங்கலாம் என்று பேச ஆரம்பித்தான். அதற்கு முன் மழைக்கு அப்புறம் போல்ட்டுகள் எப்படி இருக்கின்றன என்று ஒருதடவை இறங்கிப் பார்க்கத்தான் இந்தப் பயணம். “நாலு எடத்துலயும் நம்ம போல்ட்டு இருக்கு, ட்ரில் மிஷின் எதுக்கு வெட்டிச் சொமை” என்று முந்தின நாள் அவன் சொன்னபோதும் ஃபஹீம் வாயைத் திறக்கவில்லை. மரம் இருக்கிறதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேலே தோட்டத்தில் காவலாளி சோலைமலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்றார். ஏலச்செடிகளின் ஈர வாடை மூக்கில் ஏறியது.

“பாத்துப் போங்கப்பு. ஐப்பசியில ஒரு வெள்ளம் வந்துச்சு பாருங்க, ராத்திரி பகலா உள்ள கல்லு உருளுற சத்தம். இந்தக் கட்டடமே அதிருச்சு. கெவி நீங்க பாத்த கெவியா இருக்காது.”

“தண்ணி எவ்வளவு போகுது இப்ப?”

“முழங்காலுக்குக் கீழதான். ஆனா மதியத்துக்கு மேல கேரளாப் பக்கம் ரெண்டு நாளா மேகம் மூடுது. வெரசா எறங்கிருங்க. நாலு மணிக்கு உங்க போன் வரலைன்னா நான் ஆளுகளக் கூப்பிட்டுருவேன்.”

அருள்பாண்டி மேற்கே பார்த்தான். வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. “பன்னெண்டு மணிக்கெல்லாம் கீழ டீ குடிச்சுக்கிட்டிருப்போம்” என்றான்.

முதல் அருவி நாற்பது அடி. போல்ட்டு இருந்தது. அருள்பாண்டி ஸ்பேனர் வைத்து முறுக்கிப் பார்த்தான், அசையவில்லை. அது அவன் அடித்த போல்ட்டு. மூவரும் இறங்கினார்கள். ‘எட்டு’ என்று அவர்கள் சொல்லும் எட்டு வடிவ வளையத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் தோளில் அடிக்க, சுஜிதா சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

அருள்பாண்டி கயிற்றின் ஒரு இழையைக் கையில் பிடித்தான். “உருவிரவா?”

இப்போது சொன்னால் போதும். சொன்னால் இந்தக் கயிற்றிலேயே மேலே ஏறி, வீட்டுக்குப் போய், வசவு வாங்கிக்கொண்டு, இன்னொரு நாள் ட்ரில் மிஷினோடு வரலாம். ஃபஹீம் மேலே வளையத்தை அண்ணாந்து பார்த்தான். சுஜிதா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உருவுங்கண்ணே” என்றான்.

கயிறு மேலே வளையத்தைத் தாண்டி, பாம்புபோல் நெளிந்து, சொத்தென்று தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தம் அவன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

அங்கிருந்து சுவர்கள் நெருங்கின. வெயில் தலைக்கு மேல் எங்கோ ஒரு கோடாக மட்டும் தெரிந்தது. பாசி படிந்த கரும்பாறை இரண்டு பக்கமும் வழவழவென்று ஏறிப்போனது. விரல் வைக்கக்கூட ஒரு பிடி இல்லை. நடக்க நடக்க ஃபஹீமுக்கு ஒன்று புரிந்தது. இது அந்தப் பழைய கெவி இல்லை. மார்ச்சில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்ற பாறையைக் காணோம். வீடு அளவுக் கல் ஒன்று புதிதாக வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதன் அடியில் மார்பளவுத் தண்ணீரில் ஒருக்களித்து நுழைந்துதான் போக வேண்டியிருந்தது. சுவரில், அவர்கள் தலைக்கு மேல் இரண்டாள் உயரத்தில், வேரோடு பிடுங்கிய ஒரு மரக்கட்டை குறுக்கே சிக்கி நின்றது. அதைப் பார்த்து சுஜிதா கேட்டாள்.

“அவ்வளவு ஒசரத்துக்கா தண்ணி வந்துச்சு?”

அருள்பாண்டி அண்ணாந்து பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டான். அதன்பின் அவளும் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

இரண்டாவது அருவியில் அடித்திருந்த இரண்டு போல்ட்டுகளில் ஒன்றின் தகடு அப்பளம்போல் நசுங்கிப் பாறையோடு ஒட்டிக்கிடந்தது. ஏதோ ஒரு கல் போகிற போக்கில் மோதியிருக்கிறது. மற்றது பிழைத்திருந்தது. அருள்பாண்டி அதையே நாலு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு இறங்கினான். கீழே ஒரு கசம். மார்ச்சில் அந்த ஆழத் தண்ணீரில் கடைசிப் பத்தடியை இருவரும் கூச்சல் போட்டுக் குதித்திருந்தார்கள். இந்தத் தடவை அருள்பாண்டி குதிக்கவில்லை. கயிற்றிலேயே காலை விட்டுத் துழாவினான். இடுப்பளவுதான் இருந்தது, மற்றதெல்லாம் மணல் மேவிக் கிடந்தது. குதித்திருந்தால் இரண்டு காலும் ஒடிந்திருக்கும்.

“எதையும் பழைய நெனப்புல செய்யாதீக” என்று கீழேயிருந்து கத்தினான். “எல்லாம் மாறிக் கெடக்கு.”

ஃபஹீம் அதற்குள் மூன்றாவது அருவியைப் பற்றி மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தான். மரம் இருக்கும். அத்தனை பெரிய மரம் எங்கே போகும். வேர் பாறைக்குள் போயிருந்தது. இருக்கும். நடையோடு நடையாக, உதடு அசையாமல், தெரிந்த துஆவை எல்லாம் ஓதினான்.

மரம் இல்லை.

அது நின்ற இடத்தில் பாறை வெள்ளையாக, புதிதாகத் தோலுரித்த காயம்போல் இருந்தது. சல்லிவேர் நாலைந்து காற்றில் ஆடியது. அவன் சுற்றிய சிவப்பு நாடாவில் ஒரு முழத் துண்டு போல்ட்டின் தகட்டில் மாட்டித் தொங்கியது. அருவி விளிம்பில் தண்ணீர் வளைந்து, எண்பது அடிக்குக் கீழே இருட்டில் விழுந்தது. விழும் சத்தத்தில் பேச்சே எடுபடவில்லை.

அருள்பாண்டி மரம் போனதைப் பார்த்து உச்சுக்கொட்டினான். பிறகு குனிந்து போல்ட்டைப் பார்த்தான். “பரவால்ல, இது நிக்குது. ஒத்த போல்ட்டுதான், ஆனா நல்ல போல்ட்டு.” தங்கையைத் திரும்பிப் பார்த்தான். “ஆத்தா, நீ மொதல்ல. அப்பறம் பாய். கடைசியா நான்.”

அவன் வளையத்தில் கயிற்றைக் கோத்தான். சுஜிதா இடுப்புப்பட்டையின் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவள் ‘எட்டில்’ கயிற்றைச் சுற்றும்போது ஃபஹீம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“வேணாம்.”

“என்ன?”

“அதுல எறங்காத.” அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. “அண்ணே, அந்த போல்ட்டு நிக்காதுண்ணே. பாதித் துளையிலயே பேட்டரி போயிருச்சு. முறுக்கும்போதே சுத்துச்சு. மரம் இருக்குன்னு விட்டுட்டேன். ஒங்ககிட்டச் சொல்லல.”

அருள்பாண்டி அவனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூட ஃபஹீம் தாங்கியிருப்பான். முன்பின் தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டில் வைத்தான். அது சுற்றியது. தகட்டைப் பிடித்து இழுத்து, இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். மூன்றாவது ஆட்டில் போல்ட்டு கொஞ்சம் பாறைத்தூளோடு அவன் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

சுஜிதா பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

அருள்பாண்டி போல்ட்டைப் பைக்குள் போட்டான். “மணி என்ன?”

“பதினொன்னே முக்கால்” என்றாள் சுஜிதா.

“கயித்தக் கட்ட வேற எடம் தேடுங்க. ரெண்டு பேரும். பேச்சு வேணாம்.”

தேடினார்கள். சுவர் முழுக்க வழவழப்பு. கயிறு சுற்ற ஒரு மூக்கு இல்லை, நாடா நுழைய ஒரு பிளவு இல்லை. விளிம்பிலிருந்து ஆறேழு தப்படி பின்னால், சுவர்கள் குறுகும் இடத்தில், இடுப்புயரத்தில் ஒரு கல் சிக்கியிருந்ததை ஃபஹீம்தான் பார்த்தான். ஆட்டுரல் அளவு இருக்கும். வெள்ளம் கொண்டுவந்து இரண்டு சுவருக்கும் நடுவே செருகிவிட்டுப் போயிருந்தது. மார்ச்சில் அது அங்கே இல்லை.

மூவரும் அதன்மேல் ஏறி மிதித்தார்கள். நாடா சுற்றி மூவரும் சேர்ந்து இழுத்தார்கள். கல் கிறீச்சென்று ஒரு விரற்கடை முன்னால் வந்து நின்றது.

“நின்னுருச்சு” என்றாள் சுஜிதா.

“எதுவரைக்கும்னு அதுக்குத்தான் தெரியும்” என்றான் அருள்பாண்டி.

அப்போதுதான் ஃபஹீம் காலைச் சுற்றி ஓடிய தண்ணீரைப் பார்த்தான். காலையிலிருந்து கண்ணாடிபோல் தெளிந்திருந்த தண்ணீர் இப்போது டீயில் பால் கலந்த நிறத்தில் ஓடியது. காய்ந்த ஏலச்சருகுகளும் நுரையும் மிதந்து வந்தன. தலைக்கு மேலிருந்த வானக்கோடு நீலமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கேயோ மேலே மழை இறங்கிவிட்டது. அவன் வாயைத் திறக்கும் முன் அருள்பாண்டியும் பார்த்துவிட்டான். இருவர் கண்ணும் ஒரு நொடி சந்தித்தன.

“கனமானவன் மொதல்ல” என்றான் அருள்பாண்டி. “நான் எண்பத்திரெண்டு கிலோ. கல்லு உருவுறதா இருந்தா எனக்கே உருவட்டும். ஃபஹீம், நீ அந்த எடுக்குல உக்காந்து ரெண்டு காலையும் சுவர்ல முட்டுக் குடு. தனிக் கயிறு ஒண்ணு உன் இடுப்புலருந்து எனக்கு. கல்லு போனா நீ தாங்கணும். சுஜி அவன் பின்னால உக்காந்து அவனப் பிடிச்சுக்க. அப்பறம் சுஜி, அதே மாதிரி. கடைசி ஆளுக்குப் பிடிக்க ஆள் இல்ல.”

“நான்தான் இருக்குறதுலயே எடை கம்மி” என்றாள் சுஜிதா. “அப்பக் கடைசி நான்தான வரணும்?”

“நான் வர்றேன் கடைசியா” என்றான் ஃபஹீம். “தப்பு பண்ணினது நான்.”

“தப்பு, தண்டன எல்லாம் பேசுற நேரமா இது?” அருள்பாண்டியின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “கயிறு உருவுற மாதிரி மாத்திக் கட்ட அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அதுக்காக நீ கடைசி. அவ்வளவுதான்.”

அவன் விளிம்பைத் தாண்டி மறைந்தான். ஃபஹீம் முதுகை ஒரு சுவரிலும் பாதங்களை எதிர்ச்சுவரிலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் அந்தக் கல்லை விட்டு அகலவில்லை. கயிறு அதைச் சுற்றி முறுக்கேறி நடுங்கியது. கல்லுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து பொடியாக மண் உதிர்ந்தது. ஒவ்வொரு பொடிக்கும் அவன் தொடை நரம்பு இழுத்தது. பின்னாலிருந்து சுஜிதா அவன் தோளைக் கட்டிப் பிடித்திருந்தாள். அவள் பல் கிடுகிடுவென்று அடிப்பது அவன் காதருகே கேட்டது.

“பாய்” என்றாள். “என்னைய முதல்ல அனுப்பிச்சிருந்தா?”

அதையேதான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். அவள் கையைப் பிடிக்க இன்னும் ஒரு மூச்சு தாமதித்திருந்தால், அந்த விளிம்பில் இப்போது ஒரு அறுந்த கயிறுகூட இருந்திருக்காது.

கீழேயிருந்து விசில் சத்தம் வந்தது. ஒரே நீளமான விசில். இறங்கிவிட்டேன் என்று அர்த்தம்.

சுஜிதா எழுந்தாள். தண்ணீர் இப்போது அவள் முழங்காலைத் தாண்டியிருந்தது. அவள் ‘எட்டில்’ சுற்றிய கயிறு இரண்டு தடவை நழுவியது. ஃபஹீம் எட்டி உதவப் போனான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றினாள். சுற்றியதை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். போவதற்கு முன் அவனைப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை அவனைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. கயிறு விளிம்பில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. பாதியில் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. ஃபஹீம் கயிற்றின்மேல் உள்ளங்கையை வைத்தான். இறுக்கமாக இருந்தது, அசைவில்லை. தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்டாளா? மூச்சு முட்டுகிறதா? அருவிச் சத்தம் ஏறிக்கொண்டே வந்தது. அவன் எண்ண ஆரம்பித்தான். முப்பது. நாற்பது. ஐம்பதைத் தொடும்போது கயிறு ஒரு உலுக்கு உலுக்கி மீண்டும் நகர்ந்தது. விசில் வந்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இனி அவன் மட்டும்.

இடுப்பிலிருந்த தனிக் கயிற்றை அவிழ்த்தான். கல்லைச் சுற்றிய நாடாவில் இரும்பு வளையத்தை மாட்டி, கயிற்றின் நடுவை அதில் கோத்து, இரண்டு இழையாக விட்டான். விரல்கள் விறைத்துப்போய் ஒரு கொக்கியைத் திறக்க நாலு தடவை முயன்றான். கட்டியதைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பார்த்தது போதாமல் ஒவ்வொரு முடிச்சாக விரலால் தொட்டு, வாய்விட்டு அதன் பேரைச் சொன்னான். தண்ணீர் தொடைக்கு வந்து அவனை விளிம்பை நோக்கித் தள்ளியது. அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. காத்தாடிக்குப் போவதாகப் பொய் சொல்லிவிட்டு வந்திருந்தான்.

“பிஸ்மில்லாஹ்” என்று சொல்லி எடையைக் கயிற்றில் போட்டான்.

விளிம்பைத் தாண்டியதும் அருவி அவன் தலையில் மூட்டை மூட்டையாக விழுந்தது. கண் தெரியவில்லை. வாயைத் திறந்தால் தண்ணீர். பாறையில் பாதம் வழுக்கிக்கொண்டே இருந்தது. ஏதோ ஒரு குச்சி ஹெல்மெட்டில் அடித்து உடைந்தது. இருபதடி இறங்கியிருப்பான், கயிறு திடீரென்று தளர்ந்தது.

ஒரு சாண் விழுந்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சாணில் அவன் உடம்பிலிருந்த எல்லாமே கழன்று முதலில் விழுந்துவிட்டன. கயிறு வெட்டென்று நின்றது. மேலே கல் நகர்ந்திருக்கிறது. அவன் பாறையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் தொங்கினான். மூச்சுவிட்டால்கூட எடை கூடிவிடும் போலிருந்தது. அசையாமல் தொங்கினால் தண்ணீர் கொன்றுவிடும்; அசைந்தால் கல் வந்துவிடும். எது முதலில் என்று யோசிக்க அவனுக்குத் தெம்பில்லை. கயிற்றை மெல்ல, மிக மெல்ல, எண்ணெய் ஊற்றுவதுபோல் கையிலிருந்து விட்டான். ஒரு குலுக்கல் இல்லாமல். ஒரு அடி. இன்னொரு அடி. எவ்வளவு நேரம் என்று அவனுக்குப் பின்னாளில்கூடச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு கைகள் அவன் இடுப்புப்பட்டையைப் பிடித்து இழுத்தன.

அருள்பாண்டி அவனைக் கயிற்றிலிருந்து கழற்றி, கழுத்துப் பக்கம் பிடித்து, அருவியின் வீச்சிலிருந்து ஓரமாகத் தள்ளினான். மூவருமாகக் கயிற்றின் ஒரு இழையைப் பிடித்து இழுத்தார்கள். அது சிக்காமல் வந்தது. சுருட்டக்கூட நேரமில்லாமல் அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, வேகமாக ஓடும் கலங்கல் தண்ணீரில் தடுமாறி நடந்தார்கள். வளைவு திரும்பும்போது பின்னால் கனமாக ஏதோ விழுந்து, சுவர்கள் இரண்டும் அதிர்ந்தன. அது அந்தக் கல்லா, வேறு மரமா என்று பார்க்க யாரும் திரும்பவில்லை.

நான்காவது அருவி சின்னது. பதினைந்து அடி. அருள்பாண்டியின் போல்ட்டு அங்கே இருந்தது. அவன் ஸ்பேனரை எடுத்து ஃபஹீமிடம் நீட்டினான்.

“பாரு.”

ஃபஹீம் முறுக்கிப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். “நிக்குதுண்ணே.”

“நெசமா?”

“நெசமா.”

அதில் இறங்கினார்கள். சுவர்கள் விலகின. வானம் அகலமாயிற்று. மாமரத் தோப்பின் வேலியோரம் பாறைகளில் ஏறி அவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில், கெவியின் வாயிலிருந்து தண்ணீர் செம்மண் நிறத்தில், மரக்கிளைகளைப் புரட்டிக்கொண்டு, அவர்கள் நடந்து வந்த இடத்தை எல்லாம் மூடிக்கொண்டு வந்தது. சுஜிதா முழங்காலில் முகத்தைப் புதைத்து அழுதாள். கால் ஒரு பிளவில் மாட்டிக்கொண்டதாகவும், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் காலை உருவ முடிந்ததாகவும் அப்போதுதான் சொன்னாள். அவள் வலது காலில் ஷூ இல்லை. கணுக்கால் வீங்கியிருந்தது. அதற்கு அவளே துணி கிழித்துக் கட்டுப் போட்டுக்கொண்டாள்.

அருள்பாண்டி சோலைமலைக்குப் போன் போட்டு, பத்திரமாக வந்துவிட்டோம் என்றான். அந்தப் பக்கம் மழையின் இரைச்சலில் அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை.

ராசிங்காபுரம் ரோட்டில் இருந்த டீக்கடையில் மூவரும் நனைந்த துணியோடு உட்கார்ந்தார்கள். ஃபஹீம் டீயைத் தொடவில்லை. அவன் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பார்த்தான். “அண்ணே, நான் வேணும்னே…” என்று ஆரம்பித்தான்.

“அதெல்லாம் தெரியும்” என்றான் அருள்பாண்டி. “ஒண்ணு மட்டும் கேக்குறேன். யோசிச்சுச் சொல்லு. காத்தாடியில இந்த மாதிரி எத்தன எடத்துல விட்டிருக்க?”

சுஜிதா தலையை நிமிர்த்தினாள்.

ஒன்றும் இல்லை என்று சொல்ல ஃபஹீமுக்கு வாய் வந்தது. ஒன்றும் இல்லை என்பதுதான் அவனும் இதுவரை நம்பியது. ஆனால் கேள்வி உள்ளே இறங்க இறங்க, ஆவணியில் ஒரு சாயங்காலம் ஞாபகத்துக்கு வந்தது. காற்று ஏறிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய அவசரம். கோபுரத்துக்குள் ஏணியோடு ஓடும் பாதுகாப்புக் கம்பியின் மேல்முனை போல்ட்டுகள் நான்கு. இறுக்கத்தின் அளவு காட்டும் ஸ்பேனர் கீழே வண்டியில் இருந்தது. சாதா ஸ்பேனரால் முறுக்கிவிட்டு, செக் பண்ணியாச்சு என்று தாளில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஏறுகிற ஒவ்வொருத்தனும் இடுப்புக் கொக்கியை அந்தக் கம்பியில்தான் மாட்டுகிறான்.

அருவியில் தொங்கியபோதுகூட அவனுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

“ஒண்ணு இருக்கு” என்றான். “பதினேழாம் நம்பர். நல்லாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன். ஆனா தெரியாது.”

“பதினேழுல திங்கக்கெழம யார் ஏறுறா?”

“பிரபுவும் சின்ராசும்.”

அருள்பாண்டி கிளாஸைக் கீழே வைத்தான். போனை எடுத்து, சூப்பர்வைசர் கன்னையனின் நம்பரை அழுத்தி, மணி அடிக்க ஆரம்பித்ததும் ஃபஹீமிடம் நீட்டினான்.

“வேலை போயிரும்ணே” என்றான் ஃபஹீம்.

“போகலாம்.”

“நீங்களே சொல்லுங்களேன்.”

“நான் என்னத்தச் சொல்ல? எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னாத்தான தெரியும்.”

சுஜிதா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபஹீம் போனை வாங்கிக் காதில் வைத்தான். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“என்னப்பா அருளு, லீவு நாள்ல?”

“ஃபஹீம் பேசுறேன் சார்” என்றான். “பதினேழாம் நம்பர் கோபுரத்துல யாரையும் ஏத்தாதீங்க. ஆவணியில நான் கையெழுத்துப் போட்டது சரியில்ல சார்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், யாரிடமோ பேனா கேட்பதும் கேட்டது.

“மொதல்லருந்து சொல்லு” என்றார் கன்னையன்.

ஃபஹீம் சொல்ல ஆரம்பித்தான்.